எங்கள் பட்டறை மாமியார்

விருத்தாசலத்தில் எத்தனையோ மாமியார்கள் உண்டு. ஆனால் மீசை வைத்த மாமியார் எங்கள் பீங்கான் பட்டறையில் மட்டும்தான் இருந்தார்.

பெயர் வைத்தது பெண்கள் நாங்கள்தான். சூளையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு சாமானையும் தட்டிக் கேட்டு, நல்லது கெட்டது பிரிக்கிற வேலை அவருக்கு. கணீரென்றால் தேறியது, மொத்தென்றால் உள்ளே விரிசல். தேறியதைக்கூடச் சும்மா விடமாட்டார். "இது பொம்மையா? ஜொரம் வந்த புள்ள மாதிரி இருக்குது!" என்பார்.

டீக்கடையிலும் கிளாசைத் தட்டிவிட்டுத்தான் குடிப்பார். மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றங்கரையில் கடை போடுகிறவர்கள் அவர் தலையைக் கண்டாலே மண்சட்டிகளைத் துணி போட்டு மூடுவார்கள். மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் மண்டையையும் தட்டிப் பார்த்தார் என்று பேச்சு. நான் பார்க்கவில்லை; ஆனால் நம்புகிறேன்.

கோப்பைக்குக் காது, அதாவது கைப்பிடி, ஒட்டுவது அப்போது என் வேலை. கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் படித்தேன். இருந்தாலும் இந்தப் பீங்கான் பேட்டையில் என்னைப் போல் காது ஒட்ட ஆள் கிடையாது. மாமியாருக்கு மட்டும் அது கோணல். "இன்னாம்மா அன்னம்மா, கோப்பைக்குக் காது வச்சியா, யானைக்கு வச்சியா?"

அதுவரை பொம்மையும் அகல்விளக்கும் கொஞ்சம் கோப்பையும் செய்த எங்கள் பட்டறை, முதல்முறையாகப் புதுச்சேரி ஓட்டல் ஒன்றுக்கு மொத்தமாகக் கோப்பை செய்தது. "இது தேறலைன்னா கோப்பை வேலைய நிறுத்திடுவேன். நீங்க வேற எடம் பாத்துக்குங்க" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஓட்டல்காரர் வெள்ளைச் சட்டையில் வந்தார். ஒரு கோப்பையின் காதைப் பிடித்து இழுத்தார்.

"ரொம்ப மெல்லிசா இருக்குதே. ஒடிஞ்சிடும். வேணாங்க."

மூலையிலிருந்து மாமியார் எழுந்தார். இவரும் சேர்ந்துகொண்டால் பிழைப்பு போச்சு என்று நினைத்தேன்.

"இன்னா சார் சொன்னீங்க? எங்க பொண்ணுங்க வேலையக் கொற சொல்ல இங்க நான் ஒருத்தன் இருக்கேன். நீங்க யாரு?"

"அண்ணே, அவருதான் வாங்க வந்தவரு" என்றேன்.

"இருக்கட்டும்!"

கூரையில் தொங்கிய இரும்புக் கொக்கியில் அந்தக் கோப்பையின் காதை மாட்டினார். அதே காதில் கயிற்றைக் கோர்த்து, கீழே ஒரு வாளித் தண்ணீரைக் கட்டித் தொங்கவிட்டார். காது அசையவில்லை.

"பழமலைநாதர் ஊரு சார் இது. அம்மாம் பெரிய கோபுரத்தையே நிக்க வச்ச ஊரு. ஒரு டீயைத் தாங்காதா?"

"சரிங்க, நம்பறேன்."

"நீங்க நம்புனா ஆச்சா? எனக்கு நம்பிக்கை வரணுமில்ல!"

இரண்டாவது வாளியையும் கட்டினார். ஓட்டல்காரர் ஆச்சரியமாகக் குனிந்து பார்த்தார்.

படார்!

அறுந்தது கயிறு. இரண்டு வாளித் தண்ணீரும் வெள்ளைச் சட்டையில். மேலே கொக்கியில் கோப்பை ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது, காது முழுசாக.

முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டார். ஓட்டல்காரர் முகத்தை வழித்துவிட்டு மேலே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் சிரித்துவிட்டார்.

"எல்லாத்தையும் வண்டில ஏத்துங்க. அடுத்த மாசமும் வேணும்."

நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சூளை வெடித்துவிட்டது என்று ஓடிவந்தார்கள். அந்தக் கோப்பை வேலை இன்றைக்கும் நடக்கிறது. இப்போது என் மருமகள்தான் காது ஒட்டுகிறாள்.

அன்றைக்கு எங்கள் பட்டறை மாமியார் அந்தக் கோப்பையைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"இன்னாண்ணே?"

"தண்ணி தெறிச்சிடுச்சும்மா."

அவர் நின்ற பக்கம் ஒரு சொட்டுகூட விழவில்லை. "ஆமாண்ணே" என்றேன்.