வாயை மூடச் சொன்னாளாம்!

இனி மச்சினன் பட்டறை வாசலை மிதிப்பதில்லை என்று கணக்கு வாத்தியார் சபதம் எடுத்திருந்தார். பின்னே? போன தடவை, சிவப்பு விளக்கு எரிகிறதே என்று பதறிக்கொண்டு காரைக் கொண்டுபோனவரிடம், "மாமா, ஹேண்ட்பிரேக்கை எறக்குங்க" என்று நாலு பேர் சிரிக்கச் சொன்னவன் அவன். மெக்கானிக் என்றால் பெரிய கொம்பா?

ஆகவே இன்று மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்ததும், கோளாறைக் குறியீடாகக் காட்டும் புதுக் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே தானே செருகினார். 'பி 0455' என்றது. செல்போனில் அர்த்தம் தேடிவிட்டு அடுப்படிக்கு ஓடினார்.

"வண்டியில கோடு வந்திருக்குடி!"

"எவன் கீறினான்?" என்றாள் மனைவி, காய் நறுக்கியபடி.

"அந்தக் கோடு இல்ல! கோளாறு கோடு. பெட்ரோல் ஆவி கசியுதாம். பெருங்கசிவாம்! டேங்கே போச்சு!"

"ஒண்ணும் போகல. வாயை மூடுங்க, சரியாப் போயிடும்."

வாத்தியாருக்குச் சுர்ரென்று ஏறியது. நாற்பது பிள்ளைகளை ஒரே முறைப்பில் அடக்குகிற மனுஷன்! "இருபது வருஷமா மூடிக்கிட்டுத்தான் இருக்கேன்!"

"எங்க மூடுனீங்க? நேத்து தெரு முழுக்கத் தொறந்தபடிதானே வந்தீங்க?"

"என் வாய், நான் தொறப்பேன்!"

அவள் கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். "டேங்க் பின்சீட்டுக்கு அடியிலதானே இருக்கு? கழட்டிப் பாருங்களேன்" என்றாள் பணிவாக. அந்தப் பணிவையாவது அவர் சந்தேகித்திருக்கலாம்.

இரண்டு மணி நேரம். இரண்டு விரலில் காயம். சீட் வெளியே வந்தது. அவள் வந்து குனிந்து, குப்பைக்குள்ளிருந்து ஒற்றைத் தோட்டை எடுத்தாள்.

"சீட்டுக்கடியில விழுந்திருக்குன்னு ரெண்டு மாசமாக் கத்துறேன். அசைஞ்சீங்களா?"

பிறகு காரின் பின்பக்கம் போனாள். நேற்று பெட்ரோல் போட்டபின் அவர் மூட மறந்த டேங்க் மூடி தொங்கிக்கொண்டிருந்தது. 'கடக்' என்று சத்தம் வரும்வரை திருகினாள். அவருடைய கருவியிலேயே அழிக்கிற பொத்தானை அமுக்கினாள். மஞ்சள் விளக்கு அணைந்தது.

"இந்த வாயைத்தான் மூடச் சொன்னேன்."

அநியாயம்! அக்கிரமம்! ஆனால் சீட்டைத் திரும்ப மாட்டத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாத்தியார் மச்சினனுக்கே போன் போட்டார்.

எடுத்ததும் அவன் கேட்டான்: "மாமா, அக்கா தோடு கெடச்சுதா?"