இல்லாத ரோட்ட நேர்ல பாத்து வரைஞ்ச கதை

ஞாயித்துக்கெழம காலைல ஒரு படம் வரையோணும். அன்னைக்கு எனக்கு இருந்த வேலை அவ்ளோதானுங்க.

நான் கொல்லிமலைல அரசு ஆஸ்பத்திரில மாத்திரை எடுத்துக் குடுக்கற ஆளு. சொந்த ஊரு திருச்செங்கோடு பக்கம். சாயங்காலம் ஆனா குவார்ட்டர்ஸ்ல நானும் ஒரு பல்லியும் மட்டுந்தான். பேச்சுத் துணைக்கு ஆளில்லாம போன்ல 'பென்சில் சீவிகள்'னு ஒரு குழுல சேந்தேன்.

படம் வரையறவங்க குழுங்க. வரைஞ்சதப் போடுவாங்க, எப்படி வரைஞ்சாங்கன்னும் சொல்லுவாங்க. ஒருத்தரு டீ குடிச்சாத்தான் பென்சிலத் தொடுவாராம். ஒருத்தங்க புள்ளைய ஸ்கூல் பஸ்ல ஏத்திட்டு அந்த பஸ் ஸ்டாப்புலயே உக்காந்து வரைவாங்களாம்.

நான் மட்டும் சும்மா இருக்க முடியுமா? "விடியக்காலைல மலையப் பாத்துட்டே வரைவேன்"னு அள்ளி உட்டேன். நெசத்துல கட்டில்ல படுத்துட்டு காலண்டரப் பாத்து வரைவேன்.

குழுவுக்குத் தலைவி சேலத்து சுகந்தி அக்கா. என் படத்த ரெண்டு நாளு பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"கொல்லிமலைல எந்த எடத்துல கண்ணு இவ்ளோ பனிக்கட்டி கெடக்குது?"

காலண்டர்ல இருந்தது காஷ்மீருங்க. நான் அதக் கவனிக்கல. காலண்டரப் பாத்துத்தான் வரைஞ்சேன்னு ஒத்துக்கிட்டேன்.

"இந்த ஞாயித்துக்கெழம நேர்ல உக்காந்து வரையற. கண்ணுக்குத் தெரியறத மட்டும் வரையற. படத்தையும் எடத்தையும் சேத்து போட்டோ எடுத்துப் போடற. இல்லைன்னா குழுல இருந்து எடுத்துருவேன்" அப்படின்னுட்டாங்க.

அந்தக் குழுவும் போச்சுன்னா அப்பறம் பல்லி மட்டுந்தானே.

அதனால ஞாயித்துக்கெழம காலைல குண்டூர் நாட்டுல, இங்க நாலஞ்சு ஊரச் சேத்து நாடும்பாங்க, ஒரு சரிவுல போயி உக்காந்தேன். எடது பக்கம் சில்வர் ஓக்கு மரம், அதுல மொளகுக் கொடி. வலது பக்கம் குச்சிக்கெழங்குக் காடு, அதாவது மரவள்ளித் தோட்டம். நடுவுல பொதரு மண்டுன வரப்பு, ஒரு பலா மரம். மேல நாலஞ்சு ஊடு. பாக்கவே ரம்மியமா இருந்துச்சு.

கைய நீட்டி, பென்சில நட்டமா புடிச்சு, ஒரு கண்ண மூடிட்டு மரத்தோட ஒசரத்தப் பாத்தேன். எல்லாம் சுகந்தி அக்கா சொல்லிக் குடுத்ததுதான்.

"ஏனுங்க மருந்தம்மா, அளக்கறீங்களா?"

மொளகுக் கொடிக்குச் சொந்தக்காரரு வெள்ளையண்ணன் பின்னாடி நின்னுட்டு இருந்தாரு.

"இல்லீங்ணா, படம் வரையறேன்."

"ஒரு கண்ண மூடிட்டுப் பாக்கறீங்களே?"

"மரம் எவ்ளோ ஒசரம்னு பாக்கறதுக்குங்க."

"அப்ப அளக்கறதுதானுங்களே."

வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன்.

"ரோடு போடறதுக்குங்களா?"

"நான் மாத்திரை குடுக்கற ஆளுங்ணா. ரோட்டுக்கும் எனக்கும் என்னங்க சம்பந்தம்?"

"எலக்சன் நடத்த வாத்தியாரு வாராரு. ஆளுக்கணக்கு எடுக்க டீச்சரம்மா வாராங்க. கவர்மெண்ட்ல யாரு எந்த வேலைய வேணும்னாலும் பாப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?"

அது நெசந்தானுங்க. ஆடி மாசம் நானே ஊடு ஊடா போயி கொசுப்புழு கணக்கெடுத்திருக்கேன்.

அதுக்குள்ள கெழங்குக் காட்டுக்காரங்க சின்னப்பொண்ணு அக்கா கையில அருவாளோட எறங்கி வந்துட்டாங்க. கெழங்குக் குச்சி வெட்டிட்டு இருந்தாங்களாம், எனக்கு அது அப்பத் தெரியல.

"சாமி, எம்பட காட்டுல மட்டும் ரோடு வரக்கூடாது."

"அப்பறம் எம்பட மொளகுக் கொடிலயா வரோணும்?"ன்னாரு வெள்ளையண்ணன்.

விசயம் இதுதானுங்க. மேல இருக்கற ஊடுகளுக்கு ரோடு கெடையாது. மூட்டையத் தலைல வெச்சுத்தான் தார் ரோட்டுக்குக் கொண்டாரணும். ஆம்புலன்சும் கீழயே நின்னுக்கும். ரெண்டு பேருக்குமே ரோடு வேணும், ஆனா அடுத்தவங்க காட்டுல வேணும். இந்தச் சண்டை நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே இருக்குது.

ரெண்டு பேரும் என் பேப்பர எட்டிப் பாத்தாங்க.

"இதுல ரோடு எங்கீங்க?"

"ரோடே இல்லையேங்க."

"இல்லாததுனாலதானுங்க கேக்கறோம்."

எனக்கு எடது பக்கம் ஒருத்தரு, வலது பக்கம் ஒருத்தங்க உக்காந்தாச்சு. நான் சில்வர் ஓக்கு ஓரமா ஒரு கோடு இழுத்தா வெள்ளையண்ணன், "அழிங்க." கெழங்கு ஓரமா இழுத்தா சின்னப்பொண்ணு அக்கா, "அழி கண்ணு." அழிச்சு அழிச்சு பேப்பரு அப்பளமாட்டம் ஆயிப் போச்சு. வெயில் ஏறுது. இவங்க எந்திரிக்கற மாதிரியும் தெரியல.

கண்ணுக்குத் தெரியறத மட்டும் வரையோணும்ங்கற சட்டமெல்லாம் காத்துல போச்சு. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் எடுத்து, வரப்பு மேலயே ஒரு ரோட்ட உட்டேன். பலா மரத்துக்கு முன்னாடி ஒரு வளைவு.

வெள்ளையண்ணன் கோட்டு மேல வெரல ஓட்டிப் பாத்துட்டு, "ம்"னாரு.

"பலா மரத்த வெட்ட வேண்டாமில்ல?"ன்னாங்க அக்கா.

"வேண்டாங்க்கா. மரத்தச் சுத்திப் போகுது பாருங்க."

ரெண்டு பேரும் ஆளுக்கொரு போட்டோ புடிச்சுட்டுப் போயிட்டாங்க.

நான் படத்தக் கேமராகிட்டப் புடிச்சு, பின்னாடி வானமும் ரெண்டு மர நுனியும் மட்டும் தெரியறாப்புல போட்டோ எடுத்து குழுல போட்டேன். திட்டு வாங்கப் போறேன்னு கண்ண மூடிட்டு உக்காந்திருந்தா, அன்னைக்கின்னு பாத்து ஒரே பாராட்டு. "அந்த ரோடு கண்ண அப்படியே இழுத்துட்டுப் போகுது"ன்னு ஒருத்தரு. "ரோடுதான் படத்துக்கே உசுரு"ன்னு இன்னொருத்தரு.

சுகந்தி அக்கா, "இப்பத்தான் நேர்ல பாத்த மாதிரி இருக்கு. அடுத்த ஞாயித்துக்கெழம நாங்களும் அங்கயே வந்து வரையறோம். கார் உள்ள வரைக்கும் போகும் போல இருக்கே"ன்னு போட்டாங்க.

இல்லாத ரோட்டுல கார்ல வாராங்களாமுங்க. "மழை பேயுதுக்கா"ன்னேன். கொடை இருக்குன்னாங்க. "அட்டை கடிக்கும்க்கா"ன்னேன். உப்பு கொண்டு வாரோம்னாங்க. கடசியா "கரடி வரும்க்கா"ன்னு போட்டுப் பாத்தேன். "கரடியையும் வரையலாம்"னு பதில் வந்துச்சு.

அந்த வாரம் பூரா எனக்கு பைல் நாட்டுப் பக்கம் கேம்ப்பு. சரிவுப் பக்கம் போகவே முடியல. போயி மட்டும் என்ன பண்ணப் போறேன், ரோடா போட முடியும்?

ஞாயித்துக்கெழம என் குவார்ட்டர்ஸுக்கே வந்துட்டாங்க. காளப்பநாயக்கன்பட்டில எலுமிச்சம்பழம் வாங்கி, வளைவுக்கு வளைவு மோந்துட்டே வந்திருக்காங்க. அப்படியும் பஸ் ஸ்டாப்புல வரையறவங்க மொகமெல்லாம் வெளிறிப் போயித்தான் எறங்குனாங்க. எல்லாரும் இந்த ரோட்டப் பாக்கத்தான் இவ்ளோ பாடு பட்டிருக்காங்கன்னு நெனைக்க எனக்கு அழுகையே வந்துருச்சு. உண்மையச் சொல்லிரலாம்னு வழி காட்ட முன் சீட்டுல ஏறி உக்காந்து தயாராயிட்டேன்.

"அக்கா, அந்த ரோடு வந்து..."

"இதானே?"ன்னு வண்டியத் திருப்பிட்டாங்க.

நான் கண்ண இறுக்கி மூடிட்டேன். வண்டி கெழங்குக் காட்டுக்குள்ள கவுரும்னு பாத்தா கவுரல. குலுங்குச்சு, ஆனா போயிட்டே இருந்துச்சு.

கண்ணத் தொறந்தா ரோடு. பொதர வெட்டி, வரப்ப நெரவி, கல்ல ஓரமா அடுக்கி, புத்தம் புதுச் செம்மண் ரோடு. வளைவுல வெள்ளையண்ணன் மம்பட்டியோட நின்னு "வாங்க வாங்க"ன்னு கைய ஆட்டறாரு. சின்னப்பொண்ணு அக்கா தட்டு நெறைய வேகவெச்ச கெழங்கோட நிக்கறாங்க.

வெள்ளையண்ணனத் தனியாக் கூட்டிட்டுப் போனேன். "அண்ணா, சத்தியமா நான் அன்னைக்கு அளக்க வர்லீங்க."

"எனக்குத் தெரியுங்க மருந்தம்மா. கவர்மெண்ட் அளந்துருச்சுன்னு சொன்னாத்தான் சின்னப்பொண்ணு எடம் உடும். அதுகிட்ட சொல்லிராதீங்க."

கெழங்கு வாங்கப் போனா, சின்னப்பொண்ணு அக்கா காதுல வந்து, "நீ படந்தான் வரைஞ்சேன்னு எனக்குத் தெரியும் கண்ணு. அவருகிட்ட மட்டும் சொல்லிராத"ன்னாங்க.

எனக்கு மனசு அப்படியே நெறைஞ்சு போச்சுங்க. அப்பத்தான் சுகந்தி அக்கா என் படத்த போன்ல வெச்சுட்டு, ஒரு கண்ண மூடிட்டு, ரோட்டயும் படத்தையும் மாறி மாறிப் பாத்துட்டு நின்னாங்க.

"வளைவு தப்பா இருக்கு."

"என்னங்க்கா?"

"படத்துல வளைவு பலா மரத்துக்கு முன்னாடி. இங்க மரத்துக்குப் பின்னாடி. நேர்ல உக்காந்து வரைஞ்சிருந்தா இந்தத் தப்பு வருமா? மறுபடியும் காலண்டரா?"

வெள்ளையண்ணன் என் பக்கத்துல வந்து மெதுவா, "நீங்க வரைஞ்ச எடத்துல பெரிய பாறைங்க. அதான் கொஞ்சம் தள்ளிப் போட்டோம்"னாரு.

இந்த ரோடே என் படத்தப் பாத்துப் போட்டதுன்னு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்லுவேன்? "தப்புதானுங்க்கா"ன்னேன். "சரி, கடசி வாய்ப்பு. அடுத்த வாரம் இதே எடத்துல உக்காந்து ஒழுங்கா வரைஞ்சு போடு"ன்னு சொன்னாங்க. மத்தவங்க வரைஞ்சு முடிச்சதும் அக்கா வண்டி ஏறிட்டாங்க.

வண்டி அந்தப் பக்கம் போனதும் வெள்ளையண்ணனும் சின்னப்பொண்ணு அக்காவும் ஒண்ணா வந்து நின்னாங்க. "அடுத்த வாரமும் வாரீங்களாமா? பலா மரத்துக்குப் பக்கத்துல ஒரு தண்ணி டேங்கு வரைஞ்சிருங்க."

இந்தத் தடவ பாறை எங்க இருக்குன்னு பாத்துட்டுத்தானுங்க வரைவேன்.