தலைக்குச் சொந்தக்காரர்

“ரப்பரா?”

நரசிம்மன் போட்ட சத்தத்தில், லாட்ஜ் கவுண்டர் முன்னால் பெட்டியோடு நின்றிருந்த குடும்பம் ஓரடி பின்வாங்கியது. ரூம் வாடகையைத்தான் ஏதோ சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

“எங்க நைனா தலையைப் பார்த்து ரப்பர்ன்றியேம்மா! வாய் கூசலை?”

மைத்ரேயி காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள். சென்னையிலிருந்து வந்து அந்தத் திருப்பதி லாட்ஜில் தங்கியிருந்த டாக்குமெண்டரிக்காரி அவள். வேளாவேளைக்குக் காபி அனுப்பும் மேனேஜர் நரசிம்மனுக்குத் தன் படத்தை முதலில் காட்டுவோமே என்று லேப்டாப்பைத் திறந்திருந்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டதை அவள் உணரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவள் எடுத்துக்கொண்டிருந்தது, ‘திரும்பாத முகம்’ என்ற பழைய சஸ்பென்ஸ் படம் உருவான கதை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் சித்தூரில் ஒரு பங்களாவில் எடுத்த படம். கொலைகாரனின் முகத்தைக் கடைசிவரை காட்டவே மாட்டார்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலை ஒன்று பின்னாலிருந்து தெரியும். அது மெல்லத் திரும்பப் போகும்போது காட்சி மாறிவிடும்.

படம் வந்த வாரமே சித்தூரில் ரகளை. மலையேறி முடி கொடுத்துவிட்டு வருகிற பக்தனைக் கொலைகாரனாகக் காட்டலாமா என்று ஊர்வலம் போனார்கள். போஸ்டரில் சாணி அடித்தார்கள். படப்பெட்டி வந்த வழியே திரும்பிப் போனது. அன்றைக்குச் சாணி அடித்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு அதே படத்தைக் காவியம் என்று சொல்லிக் கருத்தரங்கு நடத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் புதுப்பித்த பிரதியைத் திரையிடப் போகிறார்கள். அதற்கு முன்னால் மைத்ரேயியின் டாக்குமெண்டரி.

“மேக்கப்மேனோட பையன்தான் சார் சொன்னார். பம்பாய்லேர்ந்து ரப்பர் தொப்பி வரவழைச்சு நடிகர் தலையில மாட்டினாங்களாம்.”

“மாட்னாங்கோ. யாரு இல்லேன்னது? சித்தூரு வெயில்ல அது இளகி அந்த ஆளு காதுல ஒட்டிக்கினுச்சு. சரி, உன் முடியை எடுய்யான்னா எடுக்கமாட்டேன்னுட்டாரு. இன்னொரு படத்துல ஈரோவாம், சுருட்ட முடி வேணுமாம். திருப்பதியைப் பக்கத்துல வெச்சிக்கினு மொட்டைக்கு இன்னாம்மா பஞ்சம்? எங்க நைனா கம்பெனிக்கு வாடகை வேன் ஓட்டிக்கினு இருந்தாரு. அவரு தலையைத்தான் எடுத்தாங்கோ.”

“உங்கப்பாவே சொன்னாரா?”

“சொன்னதாலதான் பல்லு போச்சு!”

அது உண்மை. நரசிம்மனின் அப்பா எத்திராஜ், சித்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ‘அந்தத் தலை என்னுது’ என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அந்த நாலு பேரும் ஊர்வலத்தில் வந்தவர்கள். முன்பல் ஒன்று அங்கேயே விழுந்துவிட்டது. மனிதர் சாகிறவரைக்கும் அந்த ஓட்டையோடுதான் சிரித்தார். நரசிம்மன் அந்தச் சிரிப்பைப் பார்த்தே வளர்ந்தவர். ஒவ்வொரு முறையும் வயிறு எரியும்.

“பல்லுக்கும் ஒண்ணும் குடுக்கலை, படத்துல பேரும் போடலை. அடி மட்டும் நெசம், தலை ரப்பரா? இது இன்னா நாயம்?”

மைத்ரேயிக்கு மனசு கேட்கவில்லை. “ஒரு ஆதாரம் குடுங்க சார். உங்கப்பா பேரைப் பெரிசாப் போட்டுடறேன். மொட்டையோட போட்டோ ஏதாவது இருக்கா?”

“திருப்பதியில மொட்டையெல்லாம் போட்டோ புடிச்சா மாட்ட சுவரு பத்துமா?”

அவள் லேப்டாப்பில் அந்தக் காட்சியை நிறுத்திப் பெரிதாக்கினாள். தலையின் பின்பக்கம், பிடரிக்குக் கொஞ்சம் மேலே, கட்டைவிரல் பதிகிற அளவு ஒரு பள்ளம். சந்தனத்தையும் மீறித் தெரிந்தது.

“குடும்பப் பள்ளம்மா அது!” என்று நரசிம்மன் துள்ளினார். “எனுக்கும் இருக்கும்.”

அந்த ‘இருக்கும்’தான் வினை. தடவிப் பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம். ரோஷம் வந்தவனுக்குத் தடவ நேரம் ஏது? நேராக எதிர் சலூனுக்குப் போய் உட்கார்ந்தார்.

“குண்டா சார்? மொட்டையா? இங்கியா?” கடைக்காரருக்கே தயக்கம். திருப்பதியில் இருந்துகொண்டு கீழே, அதுவும் காசு கொடுத்து மொட்டை போடுகிறவரை அவர் பார்த்ததில்லை.

“போடுய்யா. கோர்ட்டுக்குப் போற மாதிரி விசயம்.”

மழித்து முடித்ததும் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்தார் கடைக்காரர். தலை வழவழவென்று இருந்தது, சந்தையில் பொறுக்கி எடுத்த சுரைக்காய் மாதிரி. பள்ளம் இல்லை. மேடு கூட இல்லை.

“நல்லா பாருய்யா!”

“பள்ளம் கனபடலேது சார். ரெட்டைச் சுழி இருக்குது, அது பரவால்லியா?”

வீட்டில் அதைவிடப் பெரிய பிரச்சினை காத்திருந்தது. கதவைத் திறந்த தனபாக்கியம் புருஷனின் தலையைப் பார்த்ததும் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அய்யோ தேவுடா! அது சாமிக்கு நேந்துக்கின முடி!”

நரசிம்மனுக்கு அப்போதுதான் உறைத்தது. மகள் பிரசவம் சிக்கலானபோது, தாயும் பிள்ளையும் நல்லபடியாக வந்தால் தன் முடியைத் தருவதாக அவரேதான் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார். தாயும் பிள்ளையும் நன்றாகவே வந்தார்கள். முடிதான், நாளைக்கு நாளைக்கு என்று தலையிலேயே இருந்தது. இப்போது சலூன் குப்பைக்கூடையில் கிடக்கிறது.

“சாமி முடியை சலூன்காரனுக்குக் குடுத்துட்டு வந்துக்கிறியே! ரெட்டைச் சுழிக்கு ரெண்டு பொண்டாட்டின்னுவாங்கோ. வந்த ஒருத்திக்கே உன்னால பதில் சொல்ல முடியலை!”

உள்ளே உளுந்து புடைத்துக்கொண்டிருந்த நரசிம்மனின் அம்மா கன்னியம்மாள் எட்டிப் பார்த்தாள். “இன்னாத்துக்குடா மொட்டை?”

“நைனா நடிச்ச சினிமாவுக்கும்மா. தலை அவுருதுதான்னு நிரூபிக்கணும்.”

கன்னியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். “அந்தச் சினிமாவா? டேய், அதுல இன்னான்னா...”

“நீ சும்மா இரும்மா. இது டெக்னிக்கல் மேட்டரு.”

மறுநாள் காலை மகள் போன் செய்தாள். குழந்தைக்கு லேசாகச் சளி. தனபாக்கியம் போனை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்த பார்வையில், மாத்திரைக் கம்பெனிகளே மூடிவிடலாம் போலிருந்தது. சளிக்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே மொட்டையாக நிற்கும்போது மருந்து எதற்கு?

இதற்கு நடுவில் சலூன்காரர் அந்தத் தலையைப் படம் பிடித்து, ‘பழைய சினிமா வாரிசு நம் கடையில்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். அது சித்தூர்வரை போனது. மத்தியானமே லாட்ஜ் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து இன்னொரு மொட்டை இறங்கியது.

“யாருய்யா அது வாரிசு?” என்று கேட்டது அந்த மொட்டை. பெயர் பாலசுந்தரம். ரிட்டையரான பஸ் கண்டக்டர். “எங்க நைனாதான் அந்தப் பங்களா வாட்ச்மேனு. அவரு தலைதான் அது. எவன் தலையை எவன் சொந்தம் கொண்டாடறது?”

“உங்க நைனாவுக்குப் பல்லு போச்சா?” என்று பாய்ந்தார் நரசிம்மன்.

“எதுக்குப் போவணும்? அவரு வாயை மூடிக்கினு இருந்தாரு!”

மைத்ரேயி இருவரையும் சமாதானப்படுத்தி, ஆளுக்கொரு ஸ்டூலில் முதுகு காட்டி உட்காரவைத்து, இரண்டு தலைகளையும் படம் பிடித்தாள். லேப்டாப்பில் இருந்த தலையோடு ஒப்பிட்டாள். பாலசுந்தரத்தின் தலையில் பள்ளத்துக்குப் பதில் ஒரு மரு இருந்தது.

“ரெண்டுமே இல்லை சார்,” என்றாள் தயங்கி. “எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா இப்படியே போனா நான் ரப்பர்னே விட்டுட வேண்டியதுதான். நாளைக்குக் காலையில கடைசிப் பேட்டி. உங்களுக்குத் தோணறதைச் சொல்லுங்க. ஆதாரம் இல்லாம பேர் மட்டும் போட முடியாது.”

சாயங்காலம் நரசிம்மன் வீட்டுக்கு வந்தபோது சோற்றுத் தட்டைக் கூட யாரும் வைக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அவமானம் ஒருபக்கம், ஆத்திரம் ஒருபக்கம். அப்பாவுக்கு ஒரு வரி வாங்கித் தர வக்கில்லாத பிள்ளை என்று தன்னையே திட்டிக்கொண்டார். கண் கலங்கியது. அது யாருக்கும் தெரியக்கூடாதென்று இன்னும் சத்தமாகக் கத்தினார்.

“பெரிய ஆளுங்கன்னா ஒரு நாயம், வேன் டிரைவர்னா ஒரு நாயமா?”

“டேய் நரசிம்மா,” என்றாள் கன்னியம்மாள். “நான் சொல்றதை ஒரு நிமிசம்...”

“நீ வேற ஏம்மா! எனக்கே தலை வெடிச்சிக்கினு இருக்குது.”

“அதைத்தாண்டா சொல்ல வரேன். தலை...”

“யம்மா!”

கன்னியம்மாள் வாயை மூடிக்கொண்டாள். மருமகள் பக்கம் திரும்பினாள்.

“ஏண்டி அழுவற? குடும்பத்துல எந்தத் தலையா இருந்தா இன்னா, சாமி கோச்சிக்கமாட்டாரு. காலையில முதல் பஸ்ஸுக்கு நீயும் வா. நான் குடுத்துட்டு வரேன்.”

“அத்தே, இந்த வயசுலயா?”

“முடிக்கு இன்னாடி வயசு?”

தனபாக்கியத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நரசிம்மனுக்கு அதைக் காதில் வாங்கவும் நேரமில்லை. மறுநாள் பேட்டியில் பேசவேண்டியதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பேட்டி லாட்ஜ் மொட்டை மாடியில் நடந்தது. பின்னால் மலை தெரியவேண்டும் என்பது மைத்ரேயியின் ஆசை. பாலசுந்தரமும் விடாமல் வந்து ஓரமாக நின்றார். நரசிம்மன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்தார். நாலு வரி பேசச் சொன்னால் நாற்பது வரி பேசினார்.

“எங்கள மாதிரி ஆளுங்க தலையை எடுத்துப்பாங்கோ, பேரை வுட்டுடுவாங்கோ. அம்பது வருசமா எங்க நைனா பேச்சை எவனாவது கேட்டானா? உண்மை தெரிஞ்சவங்க ஊட்டுக்குள்ளயே இருக்காங்கோ. அவங்களை வாயைத் தொறக்க வுட்டாத்தானே? பேசவே வுடாம அமுக்கினா இது இன்னா நாயம்னு கேக்கறேன்!”

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மலையிலிருந்து நேராக வந்த கன்னியம்மாள், பிரசாதப் பையோடு ஏறி வந்தாள். தலையில் புதுச் சந்தனம். படம் பிடிப்பது தெரியாமல் நேராகக் கேமராவுக்கும் மகனுக்கும் நடுவில் வந்து, கேமராவுக்கு முதுகு காட்டி நின்று, பையைக் குனிந்து வைத்தாள்.

“யம்மா, நடுவுல வராத! பேட்டி போய்க்கினு இருக்குது!”

மைத்ரேயி கேமராத் திரையையே பார்த்தாள். பிறகு லேப்டாப்பைத் திறந்து அந்தக் காட்சியை நிறுத்திவைத்தாள். அதைப் பார்த்தாள், இதைப் பார்த்தாள். எட்டிப் பார்த்த பாலசுந்தரம், யாரும் கேட்காமலேயே துண்டை எடுத்துத் தன் தலையை மூடிக்கொண்டார்.

“அம்மா... கொஞ்சம் அப்படியே நில்லுங்க,” என்றாள் மைத்ரேயி. “இந்தப் பள்ளம்?”

“அதுவா? சின்ன வயசுல ஆட்டுக்கல்லு மேல வுழுந்தது.” கன்னியம்மாள் தலையைத் தடவிக்கொண்டாள். “இவன் கைக்கொழந்தையா காய்ச்சல்ல கெடந்தான். பொழச்சா முடி தரேன்னு வேண்டிக்கினு, குடுத்துட்டு அவரு வேன்ல உக்காந்துக்கினு வந்தேன். டைரக்டரு பின்னாலருந்து பார்த்துட்டு, இந்தத் தலைதான் வேணும்னு குதிச்சாரு.”

நரசிம்மன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தார். “அப்போ... நைனா?” என்றார். “நைனா அந்தப் படத்துல இல்லவே இல்லியா?”

“ஏன் இல்லாம? பொண்டாட்டி சினிமாவுல நடிச்சிட்டான்னு ஊரு பேசக்கூடாதுன்னு, தலை தன்னுதுன்னு சொல்லி ஒதை வாங்கினது அவருதான். பேரு போட்டே ஆவணும்னா, வெயில்ல என் மொட்டை சுடாம நாள் பூரா புடிச்சிக்கினு நின்னாரே, ‘குடை: எத்திராஜ்’னு போடச் சொல்லுடா.”