மணலிக் கட்டையும் ராயபுரத்துக் கட்டையும்

“கருங்காலிதான்! எனக்கா தெரியாது? மணலியிலேர்ந்து வந்தான் பாரு, அவன்தான் கருங்காலி. பாத்தா ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவானுங்கோ, ஏமாந்துடாதே!”

திருவொற்றியூர்த் தொழிற்சாலை வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் நின்று நீலமேகம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். செல்போன் முதலாளிமார் இடுப்பில் மட்டும் தொங்கிய காலம். பூத்தின் கண்ணாடி பாதி உடைந்திருந்தது. அதை ஒட்டினாற்போலத்தான் வேலைநிறுத்தப் பந்தல்.

மறுமுனையில் இருந்தவர் ரகுபதி. ராயபுரத்தில் பில்லியர்ட்ஸ் விளையாட்டுக் கூடம் நடத்துகிறவர். நீலமேகமோ அந்தத் தொழிற்சாலையில் வார்ப்படத்துக்கு மர அச்சு செய்யும் தச்சர். ஸ்ட்ரைக்கில் சும்மா இருந்தால் கை நமநமவென்கிறதே என்று, வீட்டிலேயே ரகுபதிக்காக இரண்டு பில்லியர்ட்ஸ் ஸ்டிக் கடைந்து கொடுத்திருந்தார். சிவப்பு வளையம் போட்டதன் பிடி, மணலி மர டிப்போவில் வாங்கிய கட்டை. வெள்ளை வளையம் போட்டது, ராயபுரத்தில் பழைய கப்பல் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. ஒன்று கருங்காலி, ஒன்று ஆப்பிரிக்க ஈட்டி மரம். இரண்டும் கன்னங்கரேலென்று இருக்கும். யாரோ பெரிய இடத்துப் பார்ட்டிக்குக் கருங்காலி ஸ்டிக்தான் வேண்டுமாம். எது கருங்காலி என்று கேட்கத்தான் ரகுபதி பூத்துக்கே போன் போட்டிருந்தார்.

மரத்தை ‘அவன்’, ‘இவன்’ என்று பேசுவது நீலமேகத்தின் வழக்கம். வினையே அங்கேதான் பிடித்தது.

வெளியே வந்தால், அவர் கத்தியது அத்தனையும் பந்தலில் கேட்டிருந்தது. காலையில்தான் சங்கத் தலைவர் செங்குட்டுவன் மைக்கில் முழங்கியிருந்தார். “ஸ்ட்ரைக்கு முடியற வரிக்கும் மொதலாளிக்கு ஒரு ஸ்க்ரூ திருப்பிக் குடுத்தாகூட அவன் கருங்காலி! அவனுக்கு இந்தப் பந்தல்ல எடமில்ல!” அதற்கு முதலில் கைதட்டியவரே நீலமேகம்தான்.

இப்போது அத்தனை கண்ணும் பாஸ்கல் மேல் இருந்தது. மணலியிலிருந்து வேலைக்கு வருகிறவர் அவர் ஒருவர்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

“கருங்காலியா, நானா?” பாஸ்கலுக்குக் குரல் உடைந்தது. “யோவ் நீலமேகம், ஒரே டிபன் பாக்ஸ்ல துன்னவங்கய்யா நாம!”

“ஐயோ, உன்னிய சொல்லலபா! நான் சொன்னது கட்டைய!”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஐந்தடிகூட நிரம்பாத பாஸ்கலை அந்தத் தொழிற்சாலையே ‘கட்டை’ என்றுதான் கூப்பிடும்.

“அதத்தான நாங்களும் சொல்றோம்,” என்றார் செங்குட்டுவன். “கட்டை, எயுந்து வெளிய போ.”

“இருங்க தலீவரே! நான் சொன்னது மரம். கொண்டாந்து காட்டறேன். மரத்துல என்னிய ஏமாத்த எவன் கீறான்?”

ஷேர் ஆட்டோ பிடித்து ராயபுரம் ஓடினார் நீலமேகம். ரகுபதி சாப்பிடப் போயிருந்தார். யாரிடமும் சொல்லாமல் இரண்டு ஸ்டிக்கையும் அள்ளிக்கொண்டு, பக்கத்திலேயே இருந்த தன் வீட்டிலிருந்து பாலிஷ் ஸ்பிரிட் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு திரும்பினார். அதற்குள் பந்தல் தூணில் ‘மணலிக் கருங்காலி ஒழிக’ என்று தட்டி ஏறியிருந்தது. பாஸ்கல் ரோட்டோரம் டேங்கர் லாரி நிழலில் ஒதுங்கி, லாரி நகர்ந்துவிட, தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார்.

“எல்லாரும் வெயில்ல வெச்சிப் பாருங்கோ. கருங்காலின்னா மையாட்டம் கறுப்பு. ஈட்டின்னா லேசா ஊதா ஓடும்.”

பார்த்தார்கள். ஒன்று கறுப்பாக இருந்தது. இன்னொன்றும் கறுப்பாகவே இருந்தது.

“சரி, மோந்து பாருங்கோ!”

மோந்தார்கள். மணலி ஆலைப் புகைதான் மணத்தது.

“மயுப்பறாம்பா. தோஸ்துக்குப் பரிஞ்சிகினு வர்றான்,” என்றது ஒரு குரல். “அவனையும் சேத்து வெளிய தள்ளு.”

நீலமேகத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்டிருந்த இரண்டு பிடியையும் கத்தியால் சரக் சரக்கென்று சீவினார். சீவலை இரண்டு டீ கிளாஸில் போட்டு ஸ்பிரிட்டை ஊற்றினார். “ஈட்டி சாயம் வுடும், கருங்காலி வுடாது. இப்ப பாருங்கோ, மணலிக்காரன் அப்பிடியே...”

பாகற்காய் தின்றதுபோல முகம் சுருங்கிய நீலமேகத்தின் கண்ணெதிரிலேயே மணலிக்காரனின் கிளாஸ் ஊதாவாக மாறியது. கண்ணால் பார்த்துச் சொன்னது தப்பு. ஆனால் நீலமேகமா அசருவார்? வெள்ளை வளைய ஸ்டிக்கைக் கொடிபோல் உயர்த்தினார்.

“கேட்டுக்கங்கோ! மணலிக்காரன் கருங்காலி இல்ல! ராயபுரத்துக்காரன்தான் கருங்காலி! அசல் கருங்காலி! எந்தக் கோர்ட்ல வேணா வந்து சொல்றேன்!”

பந்தலே சிரிப்பில் அதிர்ந்தது.

“யோவ், நம்ம கம்பெனில ராயபுரத்துக்காரன் நீ ஒருத்தன்தான்யா!” செங்குட்டுவன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தட்டியைக் கழற்றி எறிந்தார்கள். பாஸ்கலைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நடுவில் உட்காரவைத்தார்கள்.

“சாவடிச்சிட்டியே மாமு,” என்று நீலமேகத்தைக் கட்டிக்கொண்டார் பாஸ்கல். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. டீ வந்தது.

டீயோடு ரகுபதியின் ஸ்கூட்டரும் வந்து நின்றது. இறங்கி ஓடிவந்தவர், சீவித் தள்ளியிருந்த ஸ்டிக்கைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“இன்னா மாமு இப்பிடிப் பண்ணிட்ட! இது யாருக்குன்னு நெனச்ச? உங்க கம்பெனி மொதலாளிக்கு! ‘எல்லாரும் ஸ்ட்ரைக்குன்னு குந்திகினு கீறானுங்கோ, எனக்கு வேலை செய்றவன் நீலமேகம் ஒருத்தன்தான்’னு எம்மாம் பெருமையா சொல்லிகினு இருந்தாரு தெரியுமா?”