டிக்டிக் மகானும் ஆறு மணி மாத்திரையும்

இதய மருத்துவமனைக்கு எதிரே நாற்காலி வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. இப்போது ஒரு நாற்காலிகூட வெளியே போவதில்லை. எல்லாவற்றிலும் ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். காரணம், அங்கே வந்து அமர்ந்துவிட்ட டிக்டிக் மகான்.

மருத்துவமனையில் நெஞ்சைத் திறந்து, பழுதான வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்துத் தைத்து அனுப்புவார்கள். அது திறந்து மூடும்போது மெல்ல ‘டிக் டிக்’ என்று கேட்கும். வால்வும் ரத்தத்துக்கு ஒரு கதவுதான்; கதவென்றால் சத்தம் வரத்தானே செய்யும்? மகான் அப்படிச் சொல்வாரா? “உன் ஆயுசை எண்ணுற சத்தம்பா அது!” என்றார். அவ்வளவுதான். ஆறு மணி நேரம் கத்தி பிடித்த டாக்டருக்கு ஒரு தலையாட்டல். அரை நிமிடம் மரக்குழல் வைத்துக் கேட்ட மகானுக்குக் காலில் விழுந்து கும்பிடு!

பரிகாரம், இதயக் கவசம். நெஞ்சில் கட்டிக்கொள்ளும் துணிப்பை. கட்டியதும் சத்தம் அடங்கியது! ஒரே நிபந்தனை: ஆஸ்பத்திரி மாத்திரையைத் தொட்டால் கவசம் கோபித்துக்கொள்ளும். துணிக்கு அவ்வளவு ரோஷம்.

வார்டு நர்ஸுக்கு இதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. இருபத்திரண்டு கட்டில், இரண்டு நர்ஸ். அதில் ஒருத்தி விடுப்பு. காலையில் ஊற்றிய தேநீரை மாலையில் ஆடையோடு குடிக்கிற பிழைப்பு. மற்ற வார்டு நர்ஸுகளில் நான்கு பேர் சீருடைக்குள் கவசம் கட்டியிருந்தார்கள். நோயாளிகளின் ஆயுள் சத்தம் காதில் ஒட்டிக்கொண்டதால்தான் தலைவலியாம். கூடுதலாக ஆள் எடுத்தால் தீரும் தலைவலிக்குத் துணிப்பை மருந்து என்றால் மேலிடத்துக்குக் கசக்கவா செய்யும்?

அன்று ஐந்தே முக்காலுக்கு வேலை முடிந்து சால்வையை எடுத்தபோது, போன மாதம் வால்வு வைத்துக்கொண்டு வீடு திரும்பிய தையற்காரரின் மனைவி வந்து நின்றாள். கையில் அலாரக் கடிகாரம்.

“தங்கச்சி, மாத்திரைக்கு ஆறு மணி அடிக்கட்டும்னு நீதானே இதைக் குடுத்தே? இனிமே வேண்டாம்.”

“ஏன் அண்ணி?”

“மாத்திரையே வேண்டாமாம். கவசம் கட்டி மூணு நாளாச்சு. சத்தமே இல்ல!”

நர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அண்ணி! அந்த மாத்திரை இல்லேன்னா வால்வுல ரத்தம் உறைஞ்சுடும். அந்தக் கட்டி மூளைக்குப் போனா உயிருக்கே ஆபத்து. அண்ணன் எங்கே?”

“எதிர்க்கடையிலதான். சொன்னாக் கேக்க மாட்டார். ‘என் காதாலயே கேட்டேன்’ம்பார்.”

“காதுதானே? காதுக்கே கேக்க வைப்போம். கடிகாரத்தைக் குடுங்க.”

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய் மகான் முன் உட்கார்ந்தாள். “சாமி, எனக்கும் நெஞ்சுல டிக் டிக்குங்குது.”

மகான் குழலை வைத்தார். முகம் கறுத்தது. “ஐயோ மகளே! இவ்வளவு வலுவா நான் கேட்டதே இல்ல. ஆபரேஷன் எப்போ?”

“பண்ணவே இல்லையே சாமி.”

“அப்போ இன்னும் மோசம். ஏழே வாரம்!”

கூட்டம் உச்சுக் கொட்டியது. கவசத்தை வாங்கிச் சால்வைக்கு மேலேயே கட்டிக்கொண்டாள். மகான் மறுபடி குழல் வைத்துச் சிரித்தார். “ஒடுங்கிடுச்சு!” எல்லோரும் கைதட்டினார்கள். பலமாகத் தட்டியது தையற்காரர்.

மணி ஆறு.

“கிர்ர்ர்ர்ர்ங்!”

மகான் குழலைப் போட்டுவிட்டு நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

“ஏழு வாரம்னாரு, ஏழு நிமிஷம்கூட ஆகலியே!” என்றார் பின்வரிசைப் பெரியவர்.

நர்ஸ் கடிகாரத்தை வெளியே எடுத்தாள். “உங்க கடிகாரம்தான் அண்ணே. மாத்திரை நேரமாச்சுங்குது.”

தையற்காரர் விழித்தார். “அப்போ என் சத்தம் எப்படி அடங்கிச்சு?”

“தையல் உங்க தொழில். நீங்களே பிரிச்சுப் பாருங்க.”

அவர் தன் கவசத்தை அவிழ்த்துப் பல்லால் நூலைக் கடித்தார். பொலபொலவென்று பஞ்சு. “தலையணைப் பஞ்சு! நாலு அடுக்கு! அட பாவி, தையலையாவது நேரா போட்டிருக்கக் கூடாதா?” ஏமாந்ததைவிடக் கோணல் தையல்தான் அவரை அதிகம் சுட்டது.

“நம்பிக்கை இல்லாதவங்களுக்குக் கவசம் பலிக்காது!” என்றார் மகான், நாற்காலிமேல் நின்றபடியே.

“கடிகாரத்துக்கு உங்கமேல நம்பிக்கை இருந்ததே சாமி? டிக் டிக்கை அடக்கிக்கிட்டுத்தானே கிடந்தது!” என்றாள் நர்ஸ்.

சிரிப்பு அடங்குவதற்குள் மகான் பின்வாசல் வழியாக மறைந்தார்.

“மூணு நாள் மாத்திரையையும் சேத்து இப்பவே முழுங்கிடறேன்” என்று தையற்காரர் பையைத் துழாவினார்.

“அது அடுத்த முட்டாள்தனம்! முதல்ல ரத்தப் பரிசோதனை. அப்புறம் டாக்டர் சொல்ற அளவு. நடங்க.”

நல்ல வேளை, கட்டி எதுவும் உருவாகவில்லை. நர்ஸுகள் நால்வரும் தங்கள் கவசங்களைப் பிரித்து, ஓய்வறைக்கு ஒரு தலையணை தைத்தார்கள். அதில் பத்து நிமிடம் சாய்ந்தால் தலைவலி நிஜமாகவே குறைகிறது. கூடுதல் நர்ஸ் கேட்டு மனுவும் போட்டாயிற்று. பதில் இல்லை, மேலிடம் எந்தக் கவசத்தைக் காதில் கட்டியிருக்கிறதோ!

நெஞ்சுக்குள் டிக் டிக் கேட்டால் பயமில்லை, ஐயா. மண்டைக்குள் ஒரு சத்தமும் கேட்கவில்லையென்றால்தான் உடனே கவனிக்க வேண்டும்.