பதினோரு மாதம் தேடிய ஆக்‌ஷன்

வருகிற ஜூலையில் ஒரு காட்டெருமையைச் சுட்டே தீருவது என்று லூரென்ஸ் பாடன்ஹார்ஸ்ட் முடிவு செய்துவிட்டார். அதுவும் இரவல் துப்பாக்கியால் அல்ல. தனக்கென்று, தன் தோளுக்கென்று அளவெடுத்துச் செய்வித்த பெருங்குழல் துப்பாக்கியால். எருமைக்கு இன்னும் தகவல் போகவில்லை. மனைவி ரியானாவுக்குப் போய்விட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

காரணம் போன வருஷத்து மானக்கேடு. பக்கத்துப் பண்ணை வெசலின் துப்பாக்கியை இரவல் வாங்கிக்கொண்டு, அவன் காட்டுக்குள்ளேயே எருமை வேட்டைக்குப் போனார். முதல் குண்டு பட்டது. எருமை திரும்பியது. இரண்டாவது தோட்டா குறுக்கே மாட்டிக்கொண்டது. லூரென்ஸ் துப்பாக்கியைப் போட்டுவிட்டு முள்மரத்தில் ஏறினார். கீழே நின்ற வெசல்தான் எருமையைச் சாய்த்தான். ஐம்பத்திரண்டு வயதில், நூற்றுப் பத்து கிலோ எடையில் ஒரு மனுஷன் முள்மரம் ஏறினால் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் அந்தச் செய்தி நிற்குமா? மாட்டுச் சந்தையில் கேட்டார்கள், டீசல் போடுகிற இடத்தில் கேட்டார்கள், "ஏறினது சரி லூரென்ஸ், எப்படி இறங்கினே?" என்று. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் பாதிரியாரே கேட்டுவிட்டார். அன்றைக்குத்தான் சபதம்.

துப்பாக்கி செய்விப்பதென்றால் முதலில் ஆக்‌ஷன் வேண்டும். தோட்டாவைத் தூக்கிக் குழலுக்குள் விட்டு, பூட்டி, சுட்டதும் காலி ஓட்டை வெளியே எறிகிற இரும்புக் கூடு அது. அதில் கையால் இழுத்துத் தள்ளுகிற தண்டுதான் போல்ட். குழலும் கட்டையும் அதற்கு அப்புறம்தான். ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் போதும் என்றார் லூரென்ஸ். ஐந்து மாதமாகியும் சாப்பாட்டு மேஜை காகிதக் குப்பையாகத்தான் கிடந்தது.

"இது என்ன லூரென்ஸ், காப்பி வைக்கக்கூட இடம் இல்ல?"

"ஆக்‌ஷன் பாத்துட்டு இருக்கேன்."

"போன மாசமும் அதைத்தானே பாத்தே?"

"போன மாசம் பாத்தது தள்ளுற ஆக்‌ஷன். இது கவ்வுற ஆக்‌ஷன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

கேட்டிருக்கக் கூடாது. முக்கால் மணி நேரம் பாடம் நடந்தது. தள்ளுகிற ஆக்‌ஷன் தோட்டாவைச் சும்மா முதுகில் பிடித்துத் தள்ளும், அது போகிற வழிக்குப் போகும். கவ்வுகிற ஆக்‌ஷனில் நீளமாக ஒரு எஃகு நகம் உண்டு. தோட்டா, துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியை விட்டு எழும்பின நிமிஷமே அடியைக் கவ்விக்கொள்ளும், குழலுக்குள் கொண்டுபோய் விடும்வரை பிடியை விடாது. மௌசர் ஆக்‌ஷன் என்றால் அதுதான். எருமை முன்னால் நிற்கும்போது அது இல்லாதவன் செத்தான். ரியானா ரஸ்க்கைக் காப்பியில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்ப போன வருஷம் தோட்டா மாட்டிக்கிட்டது துப்பாக்கியோட தப்பு."

"சந்தேகமே இல்ல."

"நீ பதட்டத்துல போல்ட்டைப் பாதி வரைக்கும்தான் இழுத்தேன்னு வெசல் சொன்னானே?"

"வெசலுக்கு என்ன தெரியும்?"

"எருமையைச் சுட்டது அவன்தானே. கொஞ்சம் தெரிஞ்சிருக்கும்."

வாயைத் திறந்தால் இப்படித்தான். லூரென்ஸ் காகிதத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார். வெளிநாட்டு ஆக்‌ஷன் ஒன்று கிடைக்கிறது, ஆனால் வந்து சேர இரண்டு வருஷம் ஆகும். ஏலத்தில் எடுத்த பட்டாளத்து ஆக்‌ஷனை ஊரில் துப்பாக்கி வேலை செய்கிற ஸ்டோஃபெல் மாமா அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, "இரும்பா இது? வெண்ணெய்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொன்றில் பூட்டு ஆடுகிறது. மற்றொன்றில் ஏதோ மனசுக்குப் பிடிக்கவில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்கூட இத்தனை நொட்டை சொல்ல மாட்டார்கள்.

"என்னைக் கட்டிக்க நீ மூணு வாரம்தான் யோசிச்சே" என்றாள் ரியானா.

"அது வேற, இது வேற. இது உயிர் போற விஷயம்."

"அதுவும் அப்படித்தான். உனக்கு இன்னும் புரியல."

பதினோராவது மாதம் ஸ்டோஃபெல் மாமாவுக்கே பொறுமை போய்விட்டது. எழுபத்தாறு வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கத்தினார்.

"ஏண்டா லூரென்ஸ், ஊரெல்லாம் அலையுறியே, இந்த வட்டாரத்துலயே நல்ல மௌசர் ஆக்‌ஷன் எங்க இருக்குன்னு தெரியுமா? உன் வீட்டு இரும்புப் பெட்டிக்குள்ள!"

"என் வீட்டுலயா?"

"ரியானாவோட துப்பாக்கி. யுத்தத்துக்கு முன்னாடி பண்ணினது. போல்ட்டைத் தொட்டா எண்ணெயில போற மாதிரி போகும். தோட்டாப் பெட்டியைக் கொஞ்சம் அகலப்படுத்தினா, எருமைக்குப் போடுற நானூத்தி நாலாம் நம்பர் பெரிய தோட்டா மூணு அழகா உக்காரும்."

லூரென்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டதற்கு அப்புறம்தான் கஷ்டம் உறைத்தது. அது ரியானாவின் அப்பா அவளுக்குக் கொடுத்தது. வீட்டுக்கு உப்புக்கண்டம் போட மான் வேண்டுமென்றால் அவள் அந்தச் சின்னக் குழல் துப்பாக்கியைத்தான் எடுத்துக்கொண்டு போவாள். ஒரு மானுக்கு ஒரு தோட்டா. இரண்டாவதை வீணடித்து லூரென்ஸ் பார்த்ததில்லை. கேட்டால் தருவாளா? கேட்கிற தைரியம்தான் அவருக்கு உண்டா?

கேட்கவில்லை. கேட்காமல் காரியம் ஆகிற வழியைப் பார்த்தார். புதன்கிழமை ரியானா முட்டை கொடுக்க ஊருக்குப் போன நேரம் இரும்புப் பெட்டியைத் திறந்து, குழல் நுனியில் இருக்கிற குறிமுள்ளைச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு தட்டி இடப்பக்கம் நகர்த்திவைத்தார். முடி அளவுதான். நூறு மீட்டரில் அது ஒரு முழமாகிவிடும். சனிக்கிழமை காலையில் சாதாரணமாகக் கேட்டார்.

"உன் துப்பாக்கி எப்படி இருக்கு? குழல் தேஞ்சு போயிருக்குமே. தொண்ணூறு வருஷம் ஆச்சு."

"அப்படியா சொல்றே?"

"ஒரு டப்பாவை வெச்சுச் சுட்டுப் பாத்தாதான் தெரியும்."

வேலிக் கம்பத்தின் மேல் பெயின்ட் டப்பா வைத்தார்கள். ரியானா சுட்டாள். டப்பா அசையவில்லை. மறுபடி சுட்டாள். அசையவில்லை. துப்பாக்கியை இறக்கி, நுனியை ஒரு தரம் பார்த்தாள். லூரென்ஸைப் பார்த்தாள். மறுபடி நுனியைப் பார்த்தாள்.

"ஐயோ, நீ சொன்னது சரிதான். போயிடுச்சு."

"நான் சொல்லல? வருத்தப்படாதே. வயசானா எல்லாம் தேயும்."

"ஆமாம், பாக்குறேனே." பெருமூச்சு விட்டாள். "இனி இது எனக்கு எதுக்கு? ஆக்‌ஷன் மட்டும் நல்லா இருக்குன்னா எடுத்து ஏதாவது பண்ணிக்கோ."

லூரென்ஸுக்குச் சிரிப்பை அடக்கக் கன்னம் வலித்தது. முப்பது வருஷக் கல்யாணத்தில் இவ்வளவு சுலபமாக ஒன்றும் நடந்ததில்லை. நியாயமாக அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் ஆக்‌ஷன் கிடைத்த மனுஷனுக்கு மூளை எங்கே வேலை செய்யும்? அன்றைக்கு மத்தியானமே துப்பாக்கி ஸ்டோஃபெல் மாமா கடைக்குப் போய்விட்டது. குழல் எது, கட்டைக்கு எந்த அக்ரூட் மரம், மரத்தில் ரேகை எந்தப் பக்கம் ஓட வேண்டும், எல்லாம் லூரென்ஸ்தான் பார்த்துப் பார்த்துச் சொன்னார். கட்டையின் நீளம், கன்னம் பதிகிற மேடு என்று மாமா அளவு கேட்கிற சமயத்தில் பண்ணையில் மாடுகளுக்கு ஊசி போடுகிற வாரம். தலை நிமிர நேரமில்லை.

"மாமா அளவு கேக்குறார், கூடவே லைசென்ஸ்ல கையெழுத்தும் வேணுமாம்" என்றாள் ரியானா. "குழல் மாறுதில்ல, போலீஸ்ல எழுதிக் கொடுக்கணுமாம்."

"நீதானே புதன்கிழமை போறே, போட்டுட்டு வந்துடு. அளவையும் கொடுத்துடு."

"அளவு கொடுத்துடட்டுமா?"

"கொடுத்துடு, கொடுத்துடு. அந்தக் கன்னுக்குட்டியப் பிடி!"

மாற்றி எழுதுகிற காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவர் கேட்கவில்லை. யாருடைய அளவு என்றும் கேட்கவில்லை. பதினோரு மாதம் நகத்தையும் போல்ட்டையும் ஆராய்ந்த மனுஷன் ஒரு காகிதத்தைப் படிக்கவில்லை!

ஜூன் கடைசியில் துப்பாக்கி தயார் என்று ஃபோன் வந்தது. லூரென்ஸ் தேவாலயத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ரியானாவும் கூட வந்தாள். ஸ்டோஃபெல் மாமா பச்சைத் துணியை விலக்கினார். அடடா! கறுத்த குழல், தேன் நிறக் கட்டை. லூரென்ஸ் கை நீட்டினார். மாமா அவரைத் தாண்டி ரியானாவிடம் கொடுத்தார். அவள் தோளில் வைத்தாள். உடம்பின் ஒரு பாகம் மாதிரி பொருந்தியது.

"எங்கிட்ட கொடு" என்று பிடுங்காத குறையாக வாங்கித் தோளில் வைத்தார் லூரென்ஸ். கட்டை நாலு விரல் குட்டை. கட்டைவிரல் மூக்கில் இடித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மாமா! அளவு தப்பு!"

"அளவெல்லாம் சரிதான். துப்பாக்கிக்காரி வந்து நின்னு கொடுத்த அளவு."

"துப்பாக்கிக்காரியா? இது என் துப்பாக்கி!"

"எப்படிடா உன்னுது? நம்பர் எதுல அடிச்சிருக்கு? ஆக்‌ஷன்ல. அந்த நம்பர் யார் பேர்ல இருக்கு? ரியானா பேர்ல. குழலும் கட்டையும் சட்டை, பேன்ட் மாதிரி. நீ எடுத்துக் கொடுத்த சட்டையை அவ போட்டா அவ நீயாயிடுவாளா?"

"கையெழுத்து போட்டியே, ரியானா!"

"போட்டேனே. குழல் மாத்துறேன்னு போட்டேன். ஆள் மாத்துறேன்னு யார் சொன்னா?"

"உன் பழைய குழல் தேஞ்சு போச்சுன்னு நீயே ஒத்துக்கிட்டியே!"

"குறிமுள்ளு மேல சுத்தியல் பட்ட இடம் புதுசா மின்னிச்சு லூரென்ஸ். தேய்ஞ்சுபோன குழலோட நுனி எப்படி மின்னும்னு நானும் யோசிச்சேன். அப்புறம் யோசிக்கிறத விட்டுட்டேன்."

லூரென்ஸ் மாமாவைப் பார்த்தார். மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

ஜூலை வந்தது. இந்த வருஷம் சொந்தத் துப்பாக்கி வைத்திருக்கிறவருக்குத்தான் எருமை என்று வெசலோடு பேச்சு. ஆகவே முன்னால் ரியானா, அவள் பக்கத்தில் வெசல். பின்னால் தண்ணீர்ப் பையும் ரொட்டியும் தூக்கிக்கொண்டு லூரென்ஸ். புதருக்குள் கிழட்டு எருமை தலையைத் தூக்கியது. ரியானா சுட்டாள். எருமை திரும்பி நேராக அவளை நோக்கி வந்தது. லூரென்ஸ் தண்ணீர்ப் பையைக் கீழே போட்டார். துப்பாக்கி, ஆக்‌ஷன், மானம் எல்லாம் மறந்துபோய், "ரியானா! முழுசா இழு! கடைசி வரைக்கும் இழு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவள் முழுசாக இழுத்தாள். காலி ஓடு பறந்தது, அடுத்த தோட்டா சறுக்கிக்கொண்டு உள்ளே போனது. மறுபடி சுட்டாள். எருமை பத்தடி தூரத்தில் விழுந்தது.

லூரென்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நகம் கவ்வியதே, விடவில்லையே! பதினோரு மாதம் அவர் சொன்னது அத்தனையும் சரி. அதை எருமை ஒன்றுதான் ஒத்துக்கொண்டது, அதுவும் செத்துவிட்டது.

மத்தியானம் வெசல் வீட்டு முற்றத்தில் கரி அடுப்பில் இறைச்சி சுட்டுக்கொண்டு, மக்காச்சோளக் களியோடு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆம்பிளைகள் ரியானாவின் துப்பாக்கியைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள்.

"என்ன வழவழப்பு! இந்த ஆக்‌ஷனை யாரு தேடிப் பிடிச்சா?"

"எனக்கு என்னப்பா தெரியும்?" என்றாள் ரியானா. "என் வீட்டுக்காரர்தான் பதினோரு மாசம் தூக்கம் இல்லாம பாத்துப் பாத்துப் பண்ணிக் கொடுத்தார்."

வெசலின் மனைவி புருஷனை முறைத்தாள். "பாரு! பொண்டாட்டிக்காக ஒரு மனுஷன் பதினோரு மாசம் பாடுபட்டிருக்கான். என் கல்யாண நாளுக்கு நீ என்ன வாங்கிக் கொடுத்தே? வாளி!"

ஊர்ப் பெண்கள் எல்லோரும் லூரென்ஸைக் கண்கலங்கப் பார்த்தார்கள். பாதிரியார் எழுந்து வந்து கை குலுக்கினார். மறுக்கவும் வழியில்லை, அழவும் வழியில்லை. லூரென்ஸ் களியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

இப்போது அந்த எருமைத் தலை, வரவேற்பறையில் அவர் நாற்காலிக்கு நேர் எதிரே தொங்குகிறது. அடியில் ரியானா அடித்து மாட்டிய தகட்டில் இரண்டு வரி: "சுட்டவர்: ரியானா பாடன்ஹார்ஸ்ட். ஆக்‌ஷன் தேர்வு: கணவர்."