கடைசி சீன் மூஞ்சி

பொம்மைக்கு வாயை மேலே வளைப்பதா, கீழே வளைப்பதா என்று தெரியாமல் துர்கா பிரஷைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆறு வருஷமாக இந்த செராமிக் பட்டறையில் பொம்மைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவள். முகம் எழுதக் கிடைத்த முதல் வேலை இது. சொதப்பினால் மறுபடி உப்புத்தாள்தான் என்று முதலாளி ராஜாங்கம் சொல்லிவிட்டார்.

ஆர்டர் தியேட்டரிலிருந்து போனில் வந்தது. விருது வாங்கிய அந்தப் படத்துக்கு ஐம்பதாவது நாள் விழா. கடைசி சீனில் ஹீரோ நிற்கிற மாதிரி இருபத்தைந்து பொம்மை வேண்டுமாம். சிரிக்கவும் அழவும் வைக்கிற படம் என்று விருத்தாசலம் ஊரே பேசியது. "பாத்துட்டல்ல?" என்று ராஜாங்கம் கேட்டபோது, வெட்கப்பட்டுக்கொண்டு "ரெண்டு தடவ" என்று சொல்லித் தொலைத்தாள். ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

கொலுவுக்குச் செய்யும் கல்யாண செட்டு மாப்பிள்ளை அச்சில் உடம்பு தயார். மூஞ்சிதான் பாக்கி. நைசாக முதலாளி மனைவி நீலாவதியிடம் போனாள்.

"அக்கா, கடைசி சீனு உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"ஐயோ, கேக்காத! அவன் தேம்பித் தேம்பி அழுவுறான், எனக்கு முந்தானையே நனஞ்சுபோச்சு."

இருபத்தைந்துக்கும் வாய் கீழே வளைந்தது. ராஜாங்கம் வந்து பார்த்தார்.

"என்னா இது, எழவு வூட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கிறான்? அவன் சிரிச்சான் பாரு ஒரு சிரிப்பு, தியேட்டரே அதிருச்சு!"

"அழுதான்," என்றாள் நீலாவதி.

"நீ முந்தானையில மூஞ்சப் பொத்திக்கிட்டு இருந்துருப்ப. ஒனக்கு எங்க தெரியும்?"

துர்கா எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து, வாயை மேலே வளைத்தாள். தட்டைத் தூக்க வந்த சூளைக்காரர் கொளஞ்சியப்பன் நின்றுவிட்டார்.

"சிரிக்கவும் இல்ல, அழுவவும் இல்ல. சும்மா வெறிச்சிப் பாப்பான். அதுக்குத்தான விருதே குடுத்தாங்க!"

சூளைக்குள் போய்விட்டால் அழிக்க முடியாது. மூன்று பேரையும் பகைத்துக்கொள்ளவும் முடியாது. துர்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. வாயில் ராஜாங்கத்தின் சிரிப்பு, கண்ணில் கொளஞ்சியப்பனின் வெறிப்பு, கன்னத்தில் நீலாவதிக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் என்று எழுதிக் கொடுத்தாள்.

சூளையைத் திறந்தபோது, கண்ணீர் ஓடி வாய்ச் சிவப்பையும் இழுத்துக்கொண்டு மோவாய் வரை வழிந்திருந்தது. இருபத்தைந்து மாப்பிள்ளைகளும் வெற்றிலைச் சாறு ஒழுக, முறைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

"படத்த ஒழுங்காப் பாத்தவ இப்படி எழுதுவாளா? போ, உப்புத்தாள எடு!" என்று ராஜாங்கம் கத்தினார். துர்கா பிரஷைக் கழுவி வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து பொம்மைகளை எடுத்துப்போக வந்தாள் அன்புக்கரசி. தியேட்டரில் டிக்கெட் கொடுப்பவள். ஒரு பொம்மையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாருங்க இது?"

"ஹீரோதாம்மா, கடைசி சீனு. நாங்க மூணு பேரும் பாத்துப் பாத்துச் சொன்னோம். இவதான் மூஞ்சியக் கெடுத்துட்டா," என்றார் ராஜாங்கம்.

அன்புக்கரசி மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவரு படம் பூரா கரடி வேஷத்துலதானங்க வருவாரு, கடைசி வரைக்கும் கழட்டவே மாட்டாரே... நீங்கல்லாம் யாரு மூஞ்சியப் பாத்தீங்க?"